கருத்து அனுப்பினோம், அப்புறம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். நீளம் கருதிச் சில இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)



போன மாதம் வந்த கடிதங்களில் ஒரே கேள்வி வேறு வேறு வார்த்தைகளில் வந்திருந்தது. ஒரு நேயர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருந்தார். "அரசாங்கம் ஒரு வரைவை வெப்சைட்டில் போடுகிறது. இந்தத் தேதிக்குள் இந்த மெயிலுக்குக் கருத்து அனுப்புங்கள் என்கிறது. நான் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து படித்து, ஆறு பக்கம் எழுதி அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு வரி பதில்கூட வரவில்லை. யாராவது படிப்பாங்களா, இல்லை கிணத்துல போட்ட கல்லா?"

நியாயமான கேள்வி. சுருக்கமா பதில் சொன்னா, சில சமயம் படிக்கிறார்கள். எப்போது படிக்கிறார்கள், எப்போது படிப்பதில்லை என்பதை அதிகாரிகளின் நல்ல மனசு மட்டும் தீர்மானிப்பதில்லை. கேட்கிற முறையிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. அதை விளக்கத்தான் இந்த எபிசோட். நம்ம நாட்டில் நடந்த மூன்று சம்பவங்களை எடுத்துக்கொள்கிறேன். நடுவில் அமெரிக்காவுக்கும் தைவானுக்கும் ஒரு நடை போய்விட்டு வருவோம்.

மனு வேறு, கருத்து வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அரசாங்கத்தோடு இணையத்தில் பேசுவது என்றால் நம்மில் பலருக்கும் ஞாபகம் வருவது மனுதான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளன்று வரிசையில் நின்று கொடுப்போமே, அதனுடைய ஆன்லைன் வடிவம். பட்டா மாற்றம் ஆகவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, முதியோர் பென்ஷன் வரவில்லை. மாநில அரசுக்கு முதல்வரின் முகவரி இருக்கிறது, மத்திய அரசுக்குக் குறைதீர்க்கும் போர்ட்டல் இருக்கிறது. மனு போட்டால் ஒரு எண் வரும். அந்த எண்ணை வைத்து நிலவரம் பார்க்கலாம். பதில் திருப்தியாக இருக்குமா என்பது வேறு கதை, ஆனால் ஏதோ ஒரு பதில் உங்கள் பெயருக்கு வரும்.

நாம் இன்றைக்குப் பேசப்போவது அது இல்லை. ஒரு சட்டமோ விதியோ வருவதற்கு முன்னால், "இப்படிச் செய்யலாம் என்றிருக்கிறோம், என்ன நினைக்கிறீர்கள்?" என்று அரசு கேட்பது. இதில் உங்களுக்கென்று தனியாகப் பதில் வராது. அப்படி எதிர்பார்க்கவும் முடியாது, லட்சக்கணக்கில் கருத்து வரும். நாம் எதிர்பார்க்க வேண்டியது வேற. கடைசியில் ஒரு முடிவு வரும்போது, "இந்தக் கருத்துகள் வந்தன, இதை ஏற்றோம், இதை ஏற்கவில்லை, காரணம் இது" என்று பொதுவில் எழுதிவைக்கிறார்களா? நான் எந்தக் கருத்துக் கேட்பைப் பார்த்தாலும் முதலில் தேடுவது இதைத்தான்.

இணையம் வந்தபிறகு கேட்பதற்குச் செலவே கிடையாது. ஒரு பிடிஎஃப், ஒரு மெயில் முகவரி, முடிஞ்சது. பதில் எழுதுவதற்கு ஆகிற செலவு மட்டும் பழையபடி அப்படியே இருக்கிறது, ஒரு மனுஷன் உட்கார்ந்து படிச்சாகணும். சிக்கல் எல்லாம் இந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது.

20 கேள்விகள், 10 லட்சம் மெயில்

2015 மார்ச் 27. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், நம்ம டிராய், ஒரு கருத்துக் கேட்பு அறிக்கையை வெளியிட்டது. வாட்ஸ்அப், ஸ்கைப் மாதிரியான சேவைகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பது விஷயம். 118 பக்கம், கடைசியில் 20 கேள்விகள். அதற்குள்ளே ஒளிந்திருந்தது நெட் நியூட்ராலிட்டி. அதாவது, டெலிகாம் கம்பெனி எல்லா இணையதளத்தையும் ஒரே மாதிரி நடத்தணுமா, இல்லை ஒன்றுக்கு இலவசம், இன்னொன்றுக்குத் தனிக் காசு என்று பிரிக்கலாமா?

வழக்கமாக இப்படி ஒரு அறிக்கை வந்தால் டெலிகாம் கம்பெனிகளும் சில சட்ட நிறுவனங்களும் பதில் போடுவார்கள். அவ்வளவுதான். இந்த முறை சில தன்னார்வலர்கள் ஒரு வேலை செய்தார்கள். 118 பக்கத்தையும் படித்து, 20 கேள்விகளுக்கும் பதில் எழுதி, ஒரு இணையதளத்தில் போட்டார்கள். நீங்கள் அதைப் படித்து, வேண்டுமானால் மாற்றி, உங்கள் மெயிலில் இருந்தே டிராய்க்கு அனுப்பலாம். ஏஐபி என்ற நகைச்சுவைக் குழு ஒரு வீடியோ போட்டது. அப்புறம் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 10 லட்சத்துக்கும் மேல் மெயில் போய்ச் சேர்ந்தது.

ஏப்ரல் 27ஆம் தேதி டிராய் வந்த கருத்துகள் எல்லாவற்றையும் தன் இணையதளத்தில் போட்டது. வெளிப்படையாக இருக்கிறார்களே என்று பாராட்டலாம் என்று பார்த்தால், அனுப்பியவர்களின் பெயரோடு மெயில் முகவரியும் சேர்ந்தே வெளியே வந்துவிட்டது. ஸ்பாம் அனுப்புகிறவர்களுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் டிராய் இணையதளமே படுத்துவிட்டது. வெளிப்படைத்தன்மைக்கும் தனியுரிமைக்கும் நடுவில் கோடு எங்கே என்று யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை என்பது அன்றைக்குத் தெரிந்தது. இந்த விஷயத்துக்கு அப்புறம் திரும்பி வருவேன்.

ஆனால் இதற்கடுத்து டிராய் செய்தது முக்கியம். 2015 டிசம்பர் 9ஆம் தேதி இன்னொரு அறிக்கை. இந்தத் தடவை நாலே கேள்வி. வேறு வேறு இணையதளத்துக்கு வேறு வேறு கட்டணம் வைக்கலாமா, வைக்கலாம் என்றால் என்ன பாதுகாப்பு வேண்டும், ஏழைகளுக்கு இணையம் கொடுக்க மாற்று வழி இருக்கிறதா என்கிற மாதிரி. அப்போது ஃபேஸ்புக் தன்னுடைய ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்காகப் பெரிய பிரசாரத்தில் இறங்கியிருந்தது. பக்கம் பக்கமாகப் பத்திரிகை விளம்பரம். ஃபேஸ்புக்கைத் திறந்தால், "ஃப்ரீ பேசிக்ஸைக் காப்பாற்றுங்கள், டிராய்க்கு மெசேஜ் அனுப்புங்கள்" என்று ஒரு அழைப்பு. ஒரு பட்டனை அமுக்கினால் தயாராக இருக்கும் கடிதம் போய்விடும். லட்சக்கணக்கில் போனது.

டிராய் என்ன சொன்னது தெரியுமா? இந்தக் கடிதங்கள் நாங்கள் கேட்ட நாலு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை, ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிக்கிறேன் என்று மட்டும் சொல்கின்றன, அனுப்பியவர்களிடம் எங்கள் கேள்விகளுக்குப் பதில் கேளுங்கள் என்றது. 2016 ஜனவரியில் ஃபேஸ்புக்குக்கு எழுதிய கடிதத்தில், ஒரு கருத்துக் கேட்பைத் திட்டமிட்டுத் திரட்டிய தலையெண்ணிக்கையாக ஆக்கப் பார்க்கிறீர்கள் என்கிற அர்த்தத்தில் காட்டமாகவே எழுதியது. பிப்ரவரி 8ஆம் தேதி, இணையதளத்தைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றக் கூடாது என்று விதி வந்தது. மீறினால் ஒரு நாளைக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். விதியோடு ஒரு விளக்கக் குறிப்பும் இருந்தது. ஆதரவு வாதம் என்ன, எதிர் வாதம் என்ன, ஏன் இந்த முடிவு என்று அதில் எழுதியிருந்தார்கள்.

முதல் சுற்றில் போன 10 லட்சம் மெயிலும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. அந்த அச்சு 20 கேள்விக்கும் பதில் சொன்னது. அதனால் ஒரு அதிகாரி அதை ஒரு தடவை முழுசாகப் படித்தால் போதும், வாதம் அவர் மேஜைக்கு வந்துவிடும். "ஆதரிக்கிறேன்" என்ற ஒற்றை வார்த்தையில் படிப்பதற்கு என்ன இருக்கு?

கணக்கெடுத்தால் என்ன ஆகும்

"சரி, கூட்டிக் கழிச்சுப் பார்த்து, எந்தப் பக்கம் ஜாஸ்தியோ அந்த முடிவு எடுக்கலாமே?" என்று கேட்கலாம். அப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அதுவும் இதே நெட் நியூட்ராலிட்டி விஷயம்தான்.

2017இல் அங்கே எஃப்சிசி, அதாவது அவர்களுடைய டிராய் என்று வைத்துக்கொள்ளுங்கள், இருந்த நெட் நியூட்ராலிட்டி விதியை நீக்கப் போகிறோம் என்று சொல்லிக் கருத்துக் கேட்டது. 2 கோடியே 20 லட்சம் கருத்துகள் வந்தன. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் விசாரித்து 2021 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதில் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் போலி. பிராட்பேண்ட் நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்திய பிரசாரத்தில் 85 லட்சம் போலிக் கருத்துகள், விதியை நீக்கச் சொல்லி. உண்மையான ஆட்களின் பெயரையும் முகவரியையும் அவர்களுக்கே தெரியாமல் போட்டிருந்தார்கள். இன்னொரு பக்கம், 19 வயதுக் கல்லூரி மாணவன் ஒருவன், தனி ஆளாக, கம்ப்யூட்டர் நிரல் வைத்து 77 லட்சம் கருத்து அனுப்பியிருக்கிறான். அவன் விதி வேண்டும் என்கிற கட்சி. அந்தப் பெயர்கள் எல்லாம் கற்பனை.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் இந்த 2 கோடிக்கு நடுவில் தன் சொந்த அனுபவத்தை எழுதி அனுப்பிய கிராமத்து ஆள் ஒருவர் இருந்திருப்பார், சின்னக் கடைக்காரர் ஒருவர் இருந்திருப்பார். அவர்களுடைய எழுத்து எங்கே போய்ப் புதைந்திருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்தாச்சு. ஒரே வாதத்தை லட்சம் விதமாக, லட்சம் நடையில் எழுதித் தள்ளலாம். எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்கிற காலம் போய்விட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஊரடங்கில் ஒரு வரைவு

இப்போது நம்ம ஊருக்குத் திரும்பி வருவோம். இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லணும்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, இஐஏ என்று சொல்வோம். ஒரு அனல்மின் நிலையமோ துறைமுகமோ சுரங்கமோ வருகிறது என்றால், அதனால் நிலம், தண்ணீர், காற்று எல்லாம் என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து, மக்களிடம் கேட்டு, அப்புறம்தான் அனுமதி கொடுக்கணும். இதற்கான விதி 2006இல் வந்தது. அதை மாற்றி எழுத மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 மார்ச்சில் ஒரு வரைவு அறிவிக்கையை வெளியிட்டது. 80 பக்கத்துக்கு மேல், இந்தியிலும் இங்கிலீஷிலும். கருத்துச் சொல்ல 60 நாள்.

அது எந்த மார்ச் என்று கவனிச்சீங்களா? 25ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. தபால் ஒழுங்காகப் போகவில்லை, கூட்டம் போட முடியாது, பக்கத்து ஊர் வக்கீலைப் பார்க்கப் போக முடியாது. மெயில் ஒன்றுதான் வழி. அந்த மெயிலை அனுப்ப இங்கிலீஷோ இந்தியோ படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வரைவில் இருந்தது சாதாரண விஷயம் இல்லை. அனுமதி வாங்காமலேயே தொடங்கிவிட்ட திட்டத்துக்குப் பிறகு அனுமதி கொடுக்க வழி வைத்திருந்தார்கள். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கான அறிவிப்புக் காலத்தை 30 நாளில் இருந்து 20 நாளாகக் குறைத்திருந்தார்கள்.

எதிர்ப்பு கிளம்பியதும் தேதியை ஜூன் 30 வரை தள்ளினார்கள். சுற்றுச்சூழல் ஆர்வலர் விக்ராந்த் தோங்கட் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஜூன் 30ஆம் தேதி நீதிமன்றம் இரண்டு உத்தரவு போட்டது. ஒன்று, ஆகஸ்ட் 11 வரை நேரம் கொடுக்கணும். இரண்டு, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கிற 22 மொழியிலும் பத்து நாளுக்குள் மொழிபெயர்த்து வெளியிடணும்.

அரசு அதைச் செய்யவில்லை. சட்டப்படி இந்தியும் இங்கிலீஷும் போதும் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆகஸ்ட் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றத்துக்கே போய்ச் சீராய்வு கேளுங்கள் என்று அனுப்பிவிட்டது. அதற்குள் கடைசித் தேதி இரண்டு நாள் தாண்டிப் போயிருந்தது. அன்றைக்குவரை எல்லா மொழியிலும் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு வரவே இல்லை. தமிழில் சாரத்தை எழுதியவர்கள், யூடியூபில் விளக்கியவர்கள் எல்லாம் தன்னார்வலர்கள்தான். நடிகர் கார்த்தி ஒரு அறிக்கை விட்டார், சூர்யா ஆதரித்தார், அதற்கப்புறம்தான் பல வீடுகளில் இஐஏ என்ற வார்த்தையே நுழைந்தது.

நடுவில் இன்னொன்று நடந்தது. பருவநிலைக்காகப் போராடும் இளைஞர் குழு ஃப்ரைடேஸ் ஃபார் ஃபியூச்சர், தன் இணையதளம் வழியாக அமைச்சகத்துக்கு மெயில் அனுப்ப வசதி செய்திருந்தது. 2020 ஜூலையில் அந்த இணையதளத்தை முடக்கச் சொல்லி டெல்லி போலீஸ் நோட்டீஸ் அனுப்பியது. அமைச்சரின் முகவரிக்கு நிறைய மெயில் வருகிறது என்பது புகார். நோட்டீஸில் எழுதியிருந்த சட்டம் எது தெரியுமா? உபா. பயங்கரவாதத்துக்கு எதிரான சட்டம்! விஷயம் வெளியே வந்ததும், அது தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று போலீஸ் சொல்லிப் பின்வாங்கியது.

கருத்து அனுப்புங்கள் என்று மெயில் முகவரி கொடுத்துவிட்டு, மெயில் அதிகமாக வருகிறது என்று புகார் சொன்னால், அந்த மெயில்பெட்டி எதற்காகத் திறந்தது?

அந்த வரைவு கடைசியில் இறுதி அறிவிக்கையாக வரவே இல்லை. பல லட்சம் கருத்துகளின் தாக்கம் என்று சந்தோஷப்படலாம். நான் பாதி சந்தோஷம்தான் படுவேன். அதற்குப் பிறகு 2006 விதியிலேயே சின்னச் சின்னத் திருத்தங்களும் அலுவலகக் குறிப்பாணைகளும் வந்துகொண்டிருந்தன. ஒரு பெரிய வரைவுக்குப் பல லட்சம் பேர் பதில் எழுதுவார்கள். அமைச்சக இணையதளத்தின் ஒரு மூலையில் ஏறுகிற ரெண்டு பக்கக் குறிப்பாணைக்கு யார் எழுதப் போறாங்க?

பந்தலில் இருப்பதும் மெயிலில் இல்லாததும்

இதே 2006 விதியில் இன்னொரு கருத்துக் கேட்பு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்காக, அது வரப்போகிற இடத்திலேயே நடக்கும் கூட்டம். நம்ம மாவட்டங்களில் கல்யாண மண்டபத்திலோ பந்தல் போட்டோ நடத்துவார்கள், நீங்களே போயிருக்கலாம். அதன் நடைமுறையைப் படித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

திட்டத்தின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்கணும். 30 நாளுக்கு முன்னால் ஒரு தேசியப் பத்திரிகையிலும் ஒரு உள்ளூர் மொழிப் பத்திரிகையிலும் அறிவிப்பு வரணும். பத்திரிகை போய்ச் சேராத ஊர் என்றால் தண்டோரா போட்டாவது சொல்லணும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. கலெக்டரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை தாங்கணும். முழுக்க வீடியோ எடுக்கணும். வந்தவர் யாராக இருந்தாலும் பேசலாம். திட்டம் கொண்டுவருகிறவர் பதில் சொல்லணும். கூட்டம் முடியும்போது, யார் யார் என்ன சொன்னார்கள் என்ற சுருக்கத்தை அங்கேயே, உள்ளூர் மொழியில், கூடியிருப்பவர்கள் முன்னால் வாசித்துக் காட்டணும். அதற்கப்புறம்தான் கலெக்டர் கையெழுத்து. மக்கள் எழுப்பிய பிரச்சினைகளையும் அதற்குக் கம்பெனி சொன்ன பதிலையும் பட்டியலாகப் போட்டுப் பஞ்சாயத்து ஆபீசிலும் கலெக்டர் ஆபீசிலும் வைக்கணும்.

நடைமுறையில் கூச்சல், போலீஸ், கம்பெனி பஸ் வைத்து அழைத்து வந்த ஆட்கள், ரெண்டு நிமிஷத்தில் மைக்கைப் பிடுங்குவது எல்லாம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கூட்டங்களைப் புகழ்ந்தால் போனவர்கள் என்னைத் திட்டுவார்கள். ஆனாலும் அந்த விதியை எழுதியவர்கள் ஒன்றைப் புரிந்து வைத்திருக்கிறார்கள். நான் சொன்னதைச் சரியாகத்தான் எழுதிக்கொண்டாயா என்று கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறது. வாசித்துக் காட்டும்போது, "நான் அப்படிச் சொல்லலீங்க, என் கிணத்துத் தண்ணியப் பத்திச் சொன்னேன், அத விட்டுட்டீங்க" என்று ஒரு அம்மா எழுந்து நின்று சொல்ல முடியும்.

மெயில் அனுப்பினால் இந்த வாய்ப்பு இல்லை. தொழில்நுட்பத்தில் தண்டோரா காலத்தில் இருந்து முன்னேறி வந்துவிட்டோம், வாசித்துக் காட்டுகிற அந்தக் கடைசிப் படியை மட்டும் வழியில் எங்கேயோ விட்டுவிட்டோம்.

அந்தப் படியை இணையத்திலேயே கட்டலாம் என்று தைவான் காட்டியது. 2015இல் ஊபர் டாக்சியை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று வி-தைவான் என்ற முயற்சியில் மக்களிடம் கேட்டார்கள். பயன்படுத்தியது போலிஸ் என்ற மென்பொருள், காவல்துறைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒருவர் ஒரு வரியில் கருத்து எழுதுவார். மற்றவர்கள் ஒப்புக்கொள்கிறேன், இல்லை, தாண்டிப் போகிறேன் என்று மூன்றில் ஒன்றை அமுக்கலாம். பதில் எழுத இடமே கிடையாது. அதனால் சண்டை போட முடியாது. எந்த இடத்தில் இரண்டு தரப்பும் ஒத்துப்போகிறது என்று படமாக எல்லோருக்கும் தெரியும். பயணிகளுக்குக் காப்பீடு வேண்டும் என்பது மாதிரி பொதுவாக ஒப்புக்கொண்ட விஷயங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலாக ஆனது. அரசு கட்டாயம் பதில் சொல்ல வேண்டும் என்ற பிடி இல்லாததால் வி-தைவானின் வேகம் பின்னால் குறைந்துபோனது. அங்கேயே அரசு நடத்துகிற இன்னொரு தளத்தில், 5,000 பேர் கையெழுத்துப் போட்டால் சம்பந்தப்பட்ட துறை பதில் சொல்லியாக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். மென்பொருளைவிட எனக்குப் பிடித்தது இந்த விதிதான்.

பூட்டிய பெட்டி

மூன்றாவது கதை சின்னது. 2022 நவம்பர் 18ஆம் தேதி மத்திய மின்னணுத் துறை, தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் வரைவை வெளியிட்டு மைகவ் தளத்தில் கருத்துக் கேட்டது. கூடவே ஒரு குறிப்பு, வருகிற கருத்துகளை வெளியிட மாட்டோம் என்று. மக்கள் தயங்காமல் எழுதட்டும் என்பதற்காக அப்படி என்றார்கள். 2025 ஜனவரியில் அந்தச் சட்டத்துக்கான விதிகளின் வரைவு வந்தபோதும் இதே ஏற்பாடு.

டிராய் மெயில் முகவரியையும் சேர்த்துப் போட்டது ஒரு கோடி என்றால் இது மறு கோடி. பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு வாதத்தை மட்டும் வெளியிடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கருத்தையே மறைத்துவிட்டால், பெரிய கம்பெனி ஒன்று என்ன கேட்டது, அது கேட்டபடி எந்த வரி மாறியது என்று நமக்குத் தெரியவே தெரியாது. இந்தச் சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்தியது. ஆர்டிஐ ஆர்வலர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். மசோதா 2023 ஆகஸ்டில் மக்களவையில் 7ஆம் தேதி, மாநிலங்களவையில் 9ஆம் தேதி என்று நிறைவேறிவிட்டது. எதிர்ப்புக் கருத்துகளுக்கு அமைச்சகம் உள்ளே என்ன குறிப்பு எழுதியது என்று பார்க்க வழி இல்லை.

விதி என்ன சொல்கிறது

இதற்கெல்லாம் விதியே இல்லையா என்றால், பாதி இருக்கிறது. 2014இல் மத்திய அரசு ஒரு கொள்கை முடிவு எடுத்தது. எந்த வரைவுச் சட்டமாக இருந்தாலும் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்கணும், எளிய மொழியில் விளக்கக் குறிப்பு கொடுக்கணும், வந்த கருத்துகளின் சாரத்தை இணையதளத்தில் போடணும். அருமையா இருக்குல்ல? ஆனால் இது கொள்கைதான், சட்டம் இல்லை. பின்பற்றவில்லை என்று கோர்ட்டுக்குப் போனால் பிடித்துக்கொள்ளக் கிடைப்பது கொஞ்சம்தான்.

சட்டமாகவே கொண்டுவரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2016 மே மாதம். பேசிக்கொண்டிருக்கும்போதே கால் கட் ஆனால் கம்பெனி ஒரு ரூபாய் கொடுக்கணும் என்று டிராய் ஒரு விதி போட்டிருந்ததே, அந்த வழக்கு. அந்த விதியை நீதிமன்றம் ரத்து செய்தது. கருத்துக் கேட்டதில் வெளிப்படைத்தன்மை போதவில்லை, சொன்ன காரணங்கள் நிற்கவில்லை என்பதும் ரத்துக்கான காரணங்களில் ஒன்று. அதோடு, விதி போடும் அமைப்புகள் எல்லாம் கருத்துக் கேட்டு, காரணத்தோடு முடிவெடுக்கக் கட்டாயப்படுத்தும் ஒரு சட்டத்தை, அமெரிக்காவின் 1946ஆம் வருஷச் சட்டத்தின் பாணியில், நாடாளுமன்றம் இயற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அப்படி ஒரு பொதுச் சட்டம் இங்கே இன்னும் வரவில்லை.

அப்போ நாம என்ன எழுதணும்?

கடிதம் எழுதிய நேயருக்கும் மற்றவர்களுக்கும் நான் செய்கிற முறையைச் சொல்றேன்.

வரைவின் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். "இந்தச் சட்டம் மோசம்" என்பதை ஒரு கீழ்நிலை அதிகாரி எந்தத் தலைப்பில் சேர்ப்பார்? "14ஆவது பிரிவில் 20 நாள் என்பதை 30 நாள் என்று மாற்ற வேண்டும், காரணம் எங்கள் ஊரில் தபால் வர ஆறு நாள் ஆகிறது" என்று எழுதினால், அவருடைய அட்டவணையில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும். (பிரிவு எண் சும்மா உதாரணத்துக்கு.) உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைச் சேருங்கள். உங்கள் தொழில், உங்கள் ஏரி, உங்கள் பஸ் ரூட். யாரோ எழுதிக் கொடுத்த மாதிரியை அனுப்பினாலும் அதன் மேலே உங்கள் நாலு வரி இருக்கட்டும். தமிழில் எழுதுவதில் தவறே இல்லை, சொல்ல வந்ததைத் தெளிவாகச் சொல்ல முடியும் என்றால் தமிழிலேயே எழுதுங்கள். ஆறு பக்கம் எழுதினால் முதல் அரைப் பக்கத்தில் சாரத்தைப் போட்டுவிடுங்கள்.

அனுப்பிய மெயிலைப் பத்திரமாக வைத்திருங்கள். முடிவு வந்தபிறகு, மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து, ஒரு ஆர்டிஐ போடுங்கள். பத்து ரூபாய், மத்திய அரசுத் துறை என்றால் ஆன்லைனிலேயே போடலாம். மொத்தம் எத்தனை கருத்துகள் வந்தன, 2014 கொள்கைப்படி அவற்றின் சாரம் எங்கே வெளியாகியிருக்கிறது, இந்தப் பிரிவு பற்றி வந்த கருத்துகள் மீதான கோப்புக் குறிப்பு நகல் வேண்டும் என்று மூன்று கேள்வி போதும். ஆர்டிஐ சட்டத்தின் 4(1)(சி), முக்கியமான கொள்கை முடிவு எடுக்கும்போது சம்பந்தப்பட்ட விவரங்களை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். நகல் வந்தாலும் சரி, தர மாட்டோம் என்று பதில் வந்தாலும் சரி, எனக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். ஐந்தாறு பதில் சேர்ந்ததும் அவற்றை வைத்தே ஒரு எபிசோட் செய்யலாம் என்றிருக்கிறேன்.

அடுத்த வாரம் வேறு விஷயத்தோடு வருகிறேன். வணக்கம்.